நரம்பில்லாத நாக்கு

ஜனவரி 11

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடப்பது எதுவும் சீக்கிரம் கெடுவதில்லை.

அப்பா போவதற்கு முன் உன் முகவரியை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரே அப்பாவுக்கு இரண்டு வீட்டில், இரண்டு அம்மாக்களுக்குப் பிறந்துவிட்டோம் என்பதற்காகக் கடிதம் எழுதிக்கொள்ளும் அவசியம் ஆறு வருஷமாக எனக்கு வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. போனில் பேசலாமே என்று நினைக்காதே. நீ "ம்... ம்..." என்று இழுப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விலங்குகளுக்கு வம்ச மரம் போடுகிறேன். எது எதற்குப் பங்காளி, எந்தக் கிளை முதலில் பிரிந்தது என்பதை மரபணு எழுத்துகளை வரிசை வரிசையாக ஒப்பிட்டுச் சொல்கிறோம். முன்பெல்லாம் உருவத்தைப் பார்த்து உறவு சொன்னார்கள். நீளமாக வழவழவென்று இருந்தால் புழு. எல்லாப் புழுவும் ஒரே சாக்கில். செருப்பைப் பார்த்து ஆளின் ஊரைச் சொல்கிறவனைவிட அவர்கள் எந்த விதத்திலும் உசத்தி இல்லை.

ஏறக்குறைய எல்லாப் பெருங்கூட்டங்களுக்கும் இடம் கொடுத்தாகிவிட்டது. ஒன்றுதான் திண்டாட வைக்கிறது. உங்கள் கடலடிச் சேற்றில் விரல் நீளத்தில், பழுப்பாக, தட்டையாக ஒரு பிராணி கிடைக்கிறதாம். மூளை கிடையாது, கண் கிடையாது. வாய் மட்டும் உண்டு. தின்றதை வெளியேற்றத் தனி வழி கிடையாது. உங்கள் படகுக்காரர்கள் அதை 'நாக்கு' என்கிறார்களாம். அறுபது வருஷமாக அது யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டு வேண்டும். பிடித்த கையோடு ஐஸில் வைத்து அனுப்பு. கடல் ஆய்வு நிலையத்தில் உன் வேலை வாளியில் தண்ணீர் மாற்றுவது என்று கேள்வி. அந்த அளவு கவனம் இதற்குப் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள், பன்னிரண்டு வந்து சேரும்வரையாவது.

மூத்தவள்

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது; அதனால் படியேறுவதை விட்டுவிட்டார். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அப்பா இறந்த அன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

நாக்கு கிடைத்துவிட்டது. மூன்று நாள் சேறு வாரினோம். இரும்புப் பெட்டி மேலே வந்ததும் படகுக்காரர் சேற்றைச் சல்லடையில் கொட்டித் தண்ணீர் அடிப்பார். நான் குனிந்து பொறுக்குவேன். ஒரு நாளைக்கு நாலைந்து அகப்பட்டால் அதிகம்.

"உங்க அக்கா இதை வச்சு என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

"இது யாருக்குச் சொந்தம்னு கண்டுபிடிப்பாங்க."

"அதையே கேட்டாப் போச்சு. நாக்குதானே, சொல்லிட்டுப் போகுது!" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

ஒரு விஷயம். இதற்குத் தின்றது வயிற்றிலேயே நெடுநாள் கிடக்கும். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் உள்ளே ஏதோ துகள் தெரிகிறது. மரபணு எடுக்கப் பிடித்த உடனே அரைத்தால் தின்றதும் சேர்ந்துதான் அரைபடும். நல்ல தண்ணீரில் மூன்று மாதம் பட்டினி போட்டு அனுப்பட்டுமா? இங்கே ஒரு தொட்டி காலியாக இருக்கிறது.

உங்கள் பதில் வரும்வரை பன்னிரண்டையும் உயிரோடு வைத்திருப்பேன்.

தம்பி

பிப்ரவரி 2

தம்பிக்கு,

என் முதுகு என் முதுகாகவே இருக்கிறது. நலம்.

'பிடித்த கையோடு' என்று எழுதியிருந்தேன். அதில் எந்தச் சொல் புரியவில்லை?

மூன்று மாதமாம்! எனக்கு மூன்று அறை தள்ளி ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாகக் கடற்பஞ்சைத் தவிர வேறொன்றையும் பார்க்காதவர். மனிதரே கடற்பஞ்சுதான், அடுத்தவர் பேச்சையெல்லாம் உறிஞ்சிக்கொள்வார், பிழிந்தாலும் ஒரு சொட்டு திரும்பி வராது. வம்ச மரத்தில் முதலில் பிரிந்தது கடற்பஞ்சு என்கிறார். சீப்பு ஜெல்லி என்கிற கண்ணாடி போன்ற கடல் பிராணி என்கிறேன் நான். பத்து வருஷமாக மாடிப்படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவரும் இந்த நாக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார். துறைத் தலைவர் ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலியில் நானா, பஞ்சா? இவ்வளவு சொன்னால் வாளிக்கும் விளங்கும்.

வயிற்றுத் துகளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பிராணியின் மரபணு அதன் உடம்பு முழுக்க இருக்கிறது. தின்ற துணுக்கு அதன் முன் எம்மாத்திரம்? முப்பது வருஷம் படித்தவர்களுக்குத் தோன்றாதது தொட்டி கழுவுகிறவனுக்குத் தோன்றிவிட்டது என்றால் உலகம் தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நேராகத்தான் இருக்கிறது.

அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

மூத்தவள்

ஏப்ரல் 19

தம்பிக்கு,

நலம். உன் நலம் விசாரிக்க இன்று நேரமில்லை.

சிப்பி! உன் நாக்கு ஒரு சிப்பி. அதன் மரபணுவை நான்கு முறை கணினியில் ஓட்டிப் பார்த்தோம், நான்கு முறையும் நேரே சிப்பிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது. ஓட்டைத் தொலைத்து, காலைத் தொலைத்து, செவுளைத் தொலைத்து, இருந்த கொஞ்ச மூளையையும் தொலைத்துவிட்டுச் சேற்றில் படுத்துவிட்ட சிப்பி. எளிமையாக இருப்பதெல்லாம் ஆதிகாலத்தது என்று நம்பும் பஞ்சுக் கூட்டம் இனி வாயை மூடலாம். பரிணாமம் ஏணி இல்லை. ஏறினவன் இறங்கமாட்டான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நல்ல வீட்டில் பிறந்து எல்லாவற்றையும் இழந்து நிற்கிறவர்கள் மனிதர்களில் இல்லையா?

துறைக் கூட்டத்தில் சொன்னேன். கடற்பஞ்சுக்காரர் எழுந்தார். "அம்மா, அது வயித்துல கிடந்த சாப்பாடா இருக்கப் போகுது" என்றார்.

"சார், அது வயித்துல என்ன இருக்குன்னு தெரியாது. உங்க வயித்துல என்ன எரியுதுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றேன். கடைசி பெஞ்சு வரை சிரித்தார்கள்.

எங்கள் மாடிப்படிச் சுவரில் வம்ச மரத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறோம். சிப்பிக் கிளையில் நாக்கைச் சேர்க்கச் சொல்லி பெயின்டரை அழைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், சிவப்பாக, ஈரமாக, மனித நாக்கையே வரைந்து வைத்திருக்கிறான். "நாக்குன்னுதானே மேடம் சொன்னீங்க?" முட்டாள்களுக்கு நடுவில் வேலை செய்வது என் தலையெழுத்து.

கட்டுரை எழுதி முடித்துவிட்டேன். கடைசியில் உன்னையும் குறிப்பிட்டிருக்கிறேன்: 'மாதிரிகளை அனுப்பிய நிலையப் பணியாளருக்கு நன்றி.' பெயர் போட இடம் போதவில்லை.

மூத்தவள்

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா இப்போது பெரும்பாலும் படுக்கையில்தான். நீங்கள் நலமாக இருப்பது கடிதத்தில் தெரிகிறது.

உங்கள் வெற்றியைப் படித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். பிறகு, புதிதாகப் பிடித்த நாக்கு ஒன்றை நீளவாக்கில் அறுத்தேன். வயிற்றில் பதினொரு சிப்பிக் குஞ்சுகள் இருந்தன. ஒவ்வொன்றும் கடுகில் பாதி. ஓடு, கீல் எல்லாம் சரியாக இருக்கிறது. வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதே சேற்றில் அதே சிப்பிக் குஞ்சு நிறையக் கிடைக்கிறது. நாக்கு அதைத்தான் தின்கிறது, அக்கா.

படகுக்காரரிடம் படத்தைக் காட்டினேன். "நேத்து நான் கோழி தின்னேன். என்னை அரைச்சா கோழின்னு எழுதிடுவாங்களா உங்க அக்கா?" என்றார். வருத்தப்படாதீர்கள், அவர் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார்.

நேற்று பத்து நாக்குகளை வடிகட்டிய தண்ணீரில் விட்டிருக்கிறேன். செப்டம்பருக்குள் வயிறு சுத்தமாகிவிடும். முதுகுத் தோலில் மட்டும் சிறு துண்டு வெட்டி அனுப்புகிறேன். அதிலும் சிப்பி வந்தால் சிப்பிதான். அதுவரை கட்டுரையை நிறுத்தி வையுங்கள்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

தம்பி

மே 15

தம்பிக்கு,

நலம்.

நரம்பில்லாத நாக்கு நாலும் பேசும் என்பார்கள். நாக்கைப் பொறுக்குகிறவனும் பேசுவான் என்பது இப்போதுதான் தெரிகிறது.

கட்டுரை நேற்று ஏற்கப்பட்டது. நீ வரைந்த படத்தைப் பார்த்தேன். பென்சில் கூராக இருந்திருக்கிறது. மற்றதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒன்றை அறுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதுகிறாய். உன் படகுக்காரனிடம் சொல்: அவனை அரைத்தால் கோழிகூட வராது, களிமண்தான் வரும்.

அப்பாவைப் பார்க்க வந்த அன்றும் நீ வாசலில்தான் நின்றாய். வாசலில் நிற்கிறவர்களுக்கு உள்ளே நடப்பது அரைகுறையாகத்தான் தெரியும். அரைகுறையாகத் தெரிவதை வைத்து யோசனை சொல்லாதே.

பட்டினி போடுவது உன் இஷ்டம். இந்தப் பேச்சை இத்தோடு விடு.

மூத்தவள்

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமா? முதுகு எப்படி இருக்கிறது?

மே மாதக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. ஜூலை எட்டாம் தேதி அம்மா போய்விட்டார். அதன் பிறகு பத்து நாள் நான் நிலையத்துக்குப் போகவில்லை. படகுக்காரர்தான் தொட்டித் தண்ணீரை மாற்றினார்.

பத்து நாக்குகளில் ஒன்று செத்துவிட்டது. ஒன்பது இருக்கின்றன. பதினாறு வாரப் பட்டினியில் பாதியாகச் சுருங்கியிருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் வயிறு கண்ணாடி போல் தெரிகிறது. ஒன்பதிலிருந்தும் தோல் வெட்டி, ஒன்பது குழாய்களில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து நேற்று பார்சல் அனுப்பினேன். ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என்ன வந்தாலும் எழுதுங்கள். சிப்பி என்று வந்தால் நான் இனி வாய் திறக்கமாட்டேன்.

கட்டுரை வெளிவந்ததைப் பார்த்தேன். உங்கள் படம் நன்றாக இருந்தது.

தம்பி

செப்டம்பர் 12

தம்பிக்கு,

நலம். முதுகு பரவாயில்லை.

உன் ஒன்பது குழாய்களையும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. சிப்பிதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒன்பதிலும் ஒரே முடிவு. நாலு மாதம் பாவம் அந்தப் பிராணிகளைக் காயப்போட்டதுதான் மிச்சம். மூளை இல்லாததால் அவை உன்னைத் திட்டவில்லை.

தேர்வுக் குழு அக்டோபர் இருபதில் கூடுகிறது. இரண்டு பத்திரிகைகளிலிருந்து பேட்டிக்கு வந்தார்கள். கடற்பஞ்சுக்காரர் இப்போது மாடிப்படியை விட்டு லிஃப்டில் போகிறார். சுவரில் இருக்கும் நாக்கைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

வாய் திறக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதை நினைவில் வை.

மூத்தவள்

செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பார்சல் இன்று வந்தது.

தபால் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். "இது நீங்க அனுப்புனதுதானே? ஐஸ் உருகி ஒழுகுதுன்னு அந்த ஆபீஸ்ல வாங்க மாட்டேன்னுட்டாங்க. செப்டம்பர் ரெண்டாம் தேதியே திருப்பிட்டாங்க. வழியில எங்கியோ கிடந்து வருது, நாத்தம் தாங்கல. கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் எழுத்தர்.

எடுத்து வந்து பிரித்தேன். நான் ஒட்டிய டேப் நான் ஒட்டியபடியே இருந்தது. ஒன்பது குழாய்களும் எண் வரிசையில் இருந்தன.

ஒன்பது நாக்குகளும் இன்னும் பட்டினிதான். வெட்டிய இடத்தில் தோல் வளர்ந்துவிட்டது. இன்று மறுபடி வெட்டினேன். இந்த முறை ஐஸுக்குப் பதிலாகச் சாராயத்தில் போட்டிருக்கிறேன், உருகாது. நம் படகுக்காரரின் மருமகன் உங்கள் பக்கம் லாரி ஓட்டுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில்தான் கொடுப்பார்.

கடற்பஞ்சுக்காரரின் முகவரி உங்கள் துறையின் ஆண்டு மலரில் இருக்கிறது. அவருக்கு எதுவும் அனுப்பவில்லை. அனுப்பப்போவதும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

டிசம்பர் 3

தம்பிக்கு,

இரண்டரை மாதம் உனக்கு எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

லாரிக்காரர் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "எண்ணிப் பாத்துக்கச் சொன்னாரு" என்றார். எண்ணினேன். நான்கு நாள் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். நீ பயமுறுத்துகிறாய் என்று நினைத்து, உன் கடிதத்தை மறுபடி படித்தேன். பயமுறுத்தல் எதுவும் அதில் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை. ஐந்தாம் நாள் குழாயைத் திறந்தேன்.

சிப்பி போய்விட்டது. மூன்று முறை ஓட்டினேன். ஒன்பதிலும் சிப்பியின் ஓர் எழுத்துகூட இல்லை. நான் வருஷம் முழுக்கப் படித்தது நாக்கை அல்ல, அது தின்ற சாப்பாட்டை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பது வருஷப் படிப்பும் குளிரூட்டிய ஆய்வகமும் தேவைப்பட்டன. உன் படகுக்காரனுக்கு ஒரு கோழி போதும்.

தேர்வுக் குழுவின் முன் சொன்னேன். கூட்டம் முடிந்த பிறகு சொல்லியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்போ அந்தக் கட்டுரை?" என்றார். "தப்பு. முழுக்கத் தப்பு. திரும்பப் பெறுகிறேன்" என்றேன். கடற்பஞ்சுக்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வெளியே வரும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அதைவிட அவர் சிரித்திருக்கலாம். நாற்காலி இப்போது அவருடையது. பஞ்சு வைத்த நாற்காலி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

நாக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று இன்னும் தெரியவில்லை. ஒரு விதமாகக் கணக்கிட்டால் நட்சத்திர மீனுக்கும் நமக்கும் பக்கத்தில் வருகிறது. வேறு விதமாகக் கணக்கிட்டால் புழு, சிப்பி, பூச்சி, மனிதன் எல்லாம் பிரிவதற்கு முன்பே தனியாகப் போய்விட்ட கிளையாக நிற்கிறது. இரண்டில் எது என்று சொல்ல இன்னும் பல வருஷம் ஆகும். பெயின்டரை வரவழைத்துச் சுவரில் இருந்த நாக்கை அழிக்கச் சொன்னேன். "அப்ப எங்க மேடம் வரையணும்?" என்றான். "தெரியலப்பா" என்றேன். இந்தச் சொல்லை நான் அந்தக் கட்டடத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவனே மிரண்டுவிட்டான்.

திருத்தக் கட்டுரை எழுதியிருக்கிறேன், நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆசிரியர்கள் இருவர். முதல் பெயர் உன்னுடையது. அப்பாவின் தலைப்பெழுத்தைப் போட்டே எழுதியிருக்கிறேன். என் பெயருக்கு முன்னாலும் அதே எழுத்து. பார்ப்பவர்களுக்குப் புரியும். பரவாயில்லை, புரியட்டும். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அச்சுக்குப் போகும்.

உன் ஆகஸ்ட் கடிதத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். குழாய்களைப் பற்றிய பத்திக்கு மேலே, ஜூலை எட்டாம் தேதியைப் பற்றி மூன்று நான்கு வரிகள் இருக்கின்றன. அன்று நான் நேரே குழாய்களுக்குப் போய்விட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இந்த முறை முதுகைப் பற்றி எழுதவில்லை. குளிர் காலத்தில் அதிகமாகும், கவனமாக இருங்கள்.

ஒன்பது நாக்குகளையும் மறுபடி சேற்றுத் தொட்டியில் விட்டுவிட்டேன். உடனே தின்ன ஆரம்பித்துவிட்டன. நீங்கள் குழுவின் முன் சொன்னதைப் படகுக்காரரிடம் படித்துக் காட்டினேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "பரவாயில்ல, உங்க அக்காவுக்கு ஜீரணம் ஆயிடுச்சு" என்றார்.

நகலை இரண்டு முறை படித்தேன். மூன்று பிழைகள் இருக்கின்றன. சல்லடைக் கண் அரை மில்லிமீட்டர் அல்ல, ஒரு மில்லிமீட்டர். நான்காம் பக்கத்தில் பட்டினிக் காலம் பதினாறு வாரம் என்று இருக்கிறது. இரண்டாம் முறை வெட்டியபோது பத்தொன்பது ஆகியிருந்தது. மூன்றாவது, என் பெயர்.

என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று தலைப்பெழுத்து கேட்டார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அப்பாவின் அலுவலகத்துக்குப் போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கதவைப் பாதி திறந்து நின்றபடியே பேசினார். "இங்கெல்லாம் வராதே. எழுத்துக்கா பஞ்சம்? ஏதாவது ஒண்ணைப் போட்டுக்கோ." அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினார். நேரே பள்ளிக்குத் திரும்பி வந்து, தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். அன்றிலிருந்து அதுதான் என் எழுத்து. நிலையத்தின் சம்பளப் பட்டியலிலும் அதுதான், நான் அனுப்பிய ஒவ்வொரு குழாயின் சீட்டிலும் அதுதான்.

நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள் என்று தெரியும். ஆனால் ஒரு தப்பைத் திருத்தும் கட்டுரையில் இன்னொன்றைப் போட்டு நான் கையெழுத்திட முடியாது. அப்பாவின் எழுத்தை எடுத்துவிட்டு என் அம்மாவின் எழுத்தைப் போடுங்கள்.

சீட்டுகளைப் பார்த்தால் எழுத்து தெரிந்துவிடும். அப்படிப் பார்த்துப் போட வேண்டாம். என் அம்மாவின் பெயர் என்னவென்று இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டு எழுதுங்கள், சொல்கிறேன்.

தம்பி